மலை ஏறும் அம்பாசிடருக்கு ஒரு பிஸ்கட் டப்பா

ஆலங்காயத்தைத் தாண்டிக் காவலூர் சாலையில் ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், என் அம்பாசிடர் நின்றுவிட்டது. இருமல் இல்லை, திணறல் இல்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி நின்றது. உள்ளே ஐந்து பேர். டிக்கியில் ஆம்பூரில் வாங்கிய பிரியாணி. முன் சீட்டில் இருந்த மைத்துனன், "பெட்ரோல் தீந்துடுச்சா மாமா?" என்றான். பெட்ரோல் தீர்ந்தால் வண்டி இப்படி நிற்காது. இழுத்து இழுத்து, கெஞ்சிக் கெஞ்சித்தான் நிற்கும். பட்டென்று நின்றால் அது கரண்ட் சமாச்சாரம்.

பானெட்டைத் தூக்கினேன். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த ஒயரைப் பிடுங்கி, அதன் நுனியைப் பிளாஸ்டிக் பிடி போட்ட பிளேயரால் பிடித்து, இன்ஜின் பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு மைத்துனனை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நல்ல பொறி என்றால் நீலமாக, சத்தத்தோடு தாவும். எனக்கு வந்தது மஞ்சள் பொறி. நூல் மாதிரி, அதுவும் விட்டு விட்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் பாயிண்ட் நுனி கருகிக் கிடக்கிறது. மஞ்சள் பொறியும் கருகிய பாயிண்டும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் கண்டன்சர் மேல்தான். ஒரு வாரத்துக்கு முன்பு புதிதாக வாங்கிப் போட்ட கண்டன்சர் அது. எந்தக் கடை என்பது வேண்டாம்.

சீட்டுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் வண்டியிலிருந்து போன வாரம் கழற்றிய பழைய கண்டன்சர், துணியில் சுற்றி. பாயிண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பழையதை மாட்டினேன். பிரியாணி சூடு ஆறுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

திரும்பி வந்ததும் வாணியம்பாடியில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். டாக்ஸி ஸ்டாண்டெல்லாம் அம்பாசிடராக நின்ற காலத்திலிருந்து ஸ்பேனர் பிடிப்பவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னா சார், புதுசுன்னா நல்லதுன்னு அர்த்தமா? ஓடிப் பாத்ததுதான் நல்லது. புதுச வண்டில போடு, ஓடுறத கழட்டி டப்பால போடு. நான் எத்தினி வாட்டி சொல்லிகீறேன்!"

பழைய காரில் வெளியூர் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது ஏறக்குறைய இதுதான். ஸ்பேர் என்பது கடையில் உறை பிரிக்காமல் வாங்கி வைப்பது அல்ல. உங்கள் வண்டியிலேயே ஓடிக் காட்டியது. உங்கள் கையால் ஒரு தடவையாவது கழற்றி மாட்டியது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்தியது. பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. நம் ஊர் வண்டிகளான, வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் கெசலும் 1970களோடு முடிந்தன. இந்த வண்டிகளுக்கு இன்று கிடைக்கும் புதுப் பாகங்களில் பல, பெயர் தெரியாத பட்டறைகளில் செய்தவை. அளவு சரியாக இருக்கும், பெட்டி அழகாக இருக்கும். மலையில் ஏறும்போதுதான் உள்ளே இருப்பது என்னவென்று தெரியும். அதனால் பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே புதியதை மாட்டி, உள்ளூரில் ஓட்டிப் பாருங்கள். கழற்றிய நல்ல பழையதுதான் டப்பாவுக்குள் போக வேண்டும்.

பழைய வண்டி வழியில் நிற்பதற்கு நான்கு காரணங்கள் போதும்: கரண்ட், பெட்ரோல், தண்ணீர், ரப்பர். வேறு கோளாறுகள் இல்லாமல் இல்லை. கியர் பாக்ஸ் உறுமும், ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசியும், ஆக்சில் முனகும். ஆனால் முனகிக்கொண்டாவது வண்டி வீடு வந்து சேரும். டிக்கியில் எடுத்துப் போக வேண்டியது நிறுத்துகிற கோளாறுக்கு. முனகுகிற கோளாறுக்கு அல்ல. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சலித்தாலே பாதி மூட்டை குறைந்துவிடும்.

முதலில் கரண்ட். பாயிண்ட் என்பது ஒரு சின்ன சுவிட்சு. அது மூடியிருக்கும்போது காயிலுக்குள் கரண்ட் ஓடுகிறது. திறக்கிற கணத்தில் அந்தக் கரண்ட் அறுந்தால்தான் காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பிப் பிளக்கில் பொறி விழும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட் சுலபத்தில் நிற்காது. திறக்கும் பாயிண்டின் இடைவெளியையே தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அந்தக் கணத்தில் அதைத் தன்னுள் வாங்கிக்கொள்வதுதான் கண்டன்சர். அது செத்தால் கரண்ட் அறுவதற்குப் பதில் பாயிண்டில் எரிகிறது. பாயிண்ட் கருகும், பொறி மஞ்சளாகும். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு குப்பி, ஒரு டன் வண்டியை நிறுத்திவிடும்.

மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் இரண்டு இடத்தில் ஏமாற்றும். ஒன்று, கண்டன்சரைப் பிடித்திருக்கும் திருகாணி. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. கை தவறினால் ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விழும், இல்லாவிட்டால் சாலை ஓரப் புல்லில் விழும். வேலை தொடங்கும் முன் கீழே ஒரு வெள்ளைத் துண்டை விரித்துவிடுங்கள். நுனியில் காந்தம் உள்ள சின்ன திருப்புளி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவுத் திருகாணி இரண்டு உபரியாக டப்பாவில் இருக்கட்டும். இன்னொன்று, பாயிண்டின் கம்பத்தில் கோத்திருக்கும் பைபர் வாஷர்கள். கண்டன்சர் ஒயரும் காயில் ஒயரும் பாயிண்டின் ஸ்பிரிங் தகட்டைத் தொட வேண்டும்; கம்பத்தையோ நட்டையோ வெறுமனே தொடும்படி வைத்தால் கரண்ட் நேரே எர்த் ஆகிவிடும். வாஷர் முன்பின் மாறினால் புதுப் பாயிண்ட், நல்ல கண்டன்சர், நல்ல காயில் எல்லாம் இருந்தும் பொறி வராது. கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது எந்த மேனுவலையும்விட உதவும்.

பாயிண்ட் இடைவெளி அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜினுக்கு 15 தவ் வைக்கச் சொல்வார்கள் மெக்கானிக்குகள். 15 தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கொஞ்சம் தடித்த விசிட்டிங் கார்டு வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆக கரண்டுக்கு நான் எடுத்துப் போவது: பாயிண்ட் ஒரு செட், கண்டன்சர் இரண்டு, ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் இரண்டு, ஓடிப் பார்த்த ஒரு காயில். நான்கு பிளக்கும் ஒரே நேரத்தில் சாகாது, அதனால் இரண்டு போதும். காயிலை விடாமல் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் அதன் குணம். சூடேறினால் சாகும், ஆறினால் உயிர் பெறும். அரை மணி நிறுத்தினால் கிளம்பும், மறுபடி அரை மணியில் நிற்கும். காய்ச்சல்காரன் மாதிரி. அடுத்து இரண்டு மீட்டர் ஒயர், முதலைக் கிளிப் போட்ட 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், இன்சுலேஷன் டேப், கண்ணாடி ஃப்யூஸ் நான்கு. ஃப்யூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி ஓட்டிய வீரக் கதைகளைக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஓட்டி ஒயரிங் முழுவதும் எரிந்தவர்கள் கதை சொல்ல வருவதில்லை.

மார்கழி, தை மாதங்களில் காவலூர் இருக்கும் ஜவ்வாது மலையில் விடியற்காலை பனி மூட்டம் கனமாக இருக்கும். இரவு வெளியே நின்ற வண்டி காலையில் கிளம்பாவிட்டால் பாதி நேரம் காரணம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் படிந்த ஈரம். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். அந்தத் துணியும் ஸ்பேர் பாகம்தான்.

தண்ணீருக்கு வருவோம். இங்கே எங்கள் ஊர்ப் பக்கத்துக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தின் நிலத்தடி நீர் கதை ஊரறிந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது; இந்தியச் சுற்றுச்சூழல் சட்டப் பாடங்களில் அந்த வழக்கு இன்றும் இருக்கிறது. சட்டம் படிக்காத கார்க்காரருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. உப்பும் கடினமும் மிகுந்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், வீட்டில் கெய்சருக்குள் படிகிறதே வெள்ளைச் சுண்ணாம்பு, அதுவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். சமதளத்தில் தெரியாது. ஏற்றத்தில், இரண்டாவது கியரில், ஐந்து பேரோடு ஏறும்போது ஊசி மேலே போகும். வழியில் டீக்கடைக் குடத்துத் தண்ணீரை நம்பிப் போகாதீர்கள். ஐந்து லிட்டர் கேன் இரண்டில் ஆர்.ஓ. தண்ணீரோ கூலன்ட் கலந்த டிஸ்டில்ட் வாட்டரோ வீட்டிலிருந்தே வரட்டும். குடிக்கிற தண்ணீர் வேறு, அது தனி.

கொதித்தால் என்ன செய்வது என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். தெரிந்தவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். மூடி போட்ட ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருக்கிறது; அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடியைத் திறந்த கணம் அழுத்தம் போய், மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். காவலூர் வானாய்வகம் இருக்கும் 725 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 97½ டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வளையம் சரியில்லாத வண்டிக்கு மேலே போகப் போகப் பாதுகாப்பு குறைகிறது என்று அர்த்தம். அதனால் நல்ல மூடி ஒன்று ஸ்பேராக இருக்கட்டும். கொதித்தால் ஓரம் கட்டி, குறைந்தது அரை மணி பேசிக்கொண்டிருங்கள். பிறகு ஈரத் துணியைப் போட்டு மூடியைக் கொஞ்சமாகத் திருகி, காற்றை விட்டுவிட்டுத் திறங்கள். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். அதற்கு எந்த டப்பாவிலும் ஸ்பேர் இல்லை.

ரப்பரைத் தண்ணீரோடு சேர்த்தே சொல்லிவிடலாம். ஃபேன் பெல்ட் அறுந்தால் தண்ணீர் பம்பும் நிற்கும், டைனமோவும் நிற்கும். ஐந்து நிமிடத்தில் கொதிக்கும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டும் உப்பியோ வெடித்தோ இருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். பழையதில் நல்லது டிக்கிக்கு. பெல்ட் வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி: டைனமோவைத் தளர்த்தும் போல்ட்டுகளுக்கு உரிய ஸ்பேனர் உங்களிடம் இருக்கிறதா? அடியில் இருக்கும் போல்ட்டை எட்டுமா? பெல்ட் இருந்தும் ஸ்பேனர் இல்லாமல் லாரிக்காரரைக் கெஞ்சி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு தடவை இருந்தேன்.

டயருக்கு வந்தால், புது வண்டிக்காரர்களின் பேச்சைக் கேட்டு ஸ்டெப்னியை இறக்கி வைத்துவிடாதீர்கள். ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் இவை உள்ள வண்டிகளுக்குத்தான் 2020-ல் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று விதி தளர்ந்தது. நம் வண்டிகள் ட்யூப் போட்டவை. பஞ்சர் ஒட்ட எந்த ஊரிலும் ஆள் இருப்பார்; அம்பாசிடரின் 15 அங்குல டயருக்கோ பத்மினியின் 14 அங்குல டயருக்கோ உரிய ட்யூப் அவரிடம் இருக்காது. ட்யூப் ஒன்று மடித்து, டால்கம் பவுடர் தூவி, பையில் போட்டு வையுங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு அடிச் சதுரப் பலகை, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டை. மலைச் சாலையில் கட்டை இல்லாமல் ஜாக்கி ஏற்றவே கூடாது. ஏலகிரிக்குப் போகிறவர்களுக்கும் இதுதான். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு. சில வளைவுகளுக்குப் பாரி, ஓரி, காரி என்று வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். சறுக்கிப் போகும் வண்டியை எந்த வள்ளலும் பிடித்து நிறுத்த மாட்டார்.

பெட்ரோலில் இப்போது ஒரு புது வில்லங்கம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-லிருந்து படிப்படியாக வந்து இன்று பெரும்பாலான பங்குகளில் அதுதான். நம் வண்டிகளின் ரப்பர் குழாய்களும் பம்பின் டயஃப்ரமும் எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல. சில உப்பும், சில இறுகி வெடிக்கும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கில் துரு வேலை தொடங்கும். அந்தத் துரு வந்து நிற்பது ஃபில்டரில். ஆகவே எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய் ஒரு மீட்டர், கிளிப் நான்கு, உள்ளே தெரிகிற மாதிரி ஃபில்டர் இரண்டு.

மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்று சொல்லும் பெட்ரோல் பம்புக்கு டயஃப்ரம் கிட் மட்டும் வாங்கி வைக்கிறார்கள் பலர். நான் அதற்கு எதிர்க் கட்சி. சாலை ஓரத்தில் பம்பைப் பிரித்து, ஸ்பிரிங்கைத் தேடிக்கொண்டு, டயஃப்ரத்தைச் சரியாக உட்கார வைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஓடிப் பார்த்த பழைய பம்ப் ஒன்றை முழுதாக வையுங்கள். இரண்டு நட், ஒரு கேஸ்கட், இரண்டு குழாய், முடிந்தது. சாலையில் செய்ய வேண்டியது மாற்றுவது மட்டும். ரிப்பேர் எல்லாம் வீட்டில்.

சித்திரை வெயிலில் இன்னொன்று நடக்கும். ஏற்றத்தில் வண்டி நிற்கும். பெட்ரோல் இருக்கும், பொறியும் இருக்கும். சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் இழுக்க முடியாமல் தவிக்கும். ஏர் லாக் என்பார்கள். பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரச் சாக்கைச் சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். தானே சரியாகும். உபரி பெட்ரோலைக் கேனில் பிடித்து டிக்கியில் வைக்கும் பழக்கம் வேண்டாம்; பின் சீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். மலை ஏறுமுன் கீழேயே டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கருவிகளில் ஒரே ஒரு எச்சரிக்கை. அம்பாசிடரின் பழைய இன்ஜினில் நட்டும் போல்ட்டும் இங்கிலாந்துக்காரன் கணக்கில், அங்குல அளவு. பத்மினிக்கு வேர் இத்தாலி, அதனால் மில்லிமீட்டர். ஹெரால்டுக்கு மறுபடி அங்குலம். பின்னாளில் இசூசு இன்ஜின் போட்டு வந்த அம்பாசிடர்களில் இன்ஜின் மில்லிமீட்டர், மற்றது கலப்படம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். கையில் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் அது உட்காரும், திரும்பவும் செய்யும். இறுகிப் போன நட்டில் பலம் கொடுக்கும்போது அந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் மூலை மழுங்கிவிடும். மழுங்கிய நட்டை அதற்குப் பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. கடையில் விற்கும் 40 சாமான் பளபளப்புப் பெட்டி வேண்டாம். உங்கள் வண்டியில் மேலே சொன்ன வேலைகளை ஒவ்வொன்றாக வீட்டு வாசலில் செய்து பாருங்கள். அப்போது கையில் எடுத்த ஸ்பேனர்களை மட்டும் ஒரு பையில் போடுங்கள். எனக்கு ஒன்பது ஸ்பேனர், இரண்டு திருப்புளி, ஒரு கட்டிங் பிளேயர், ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு சுத்தியல் என்று முடிந்துவிட்டது.

அந்தப் பை எதில் தைத்ததாக இருக்க வேண்டும் என்பதில் என் ஊரார் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஆம்பூர்த் தோலில் அழகாகத் தைத்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு அறை வைத்துச் சுருட்டிக் கட்டும் உறை ஒன்று எனக்குப் பரிசாக வந்தது. படம் எடுக்க அதைவிட அழகான பொருள் இல்லை. தோல் ஊரிலிருந்தே சொல்கிறேன்: ஸ்பேனரைத் தோலில் சுற்றாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் மிச்சம் இருக்கும். ஒரு மழைக்காலம் டிக்கியில் கிடந்தால் இரும்பு துருப்பிடிக்கும். கித்தான் துணிதான் சரி. எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். தோலுக்கு வேறு வேலை இருக்கிறது. இந்த வட்டாரத்தில் தைக்கும் தடித்த தோல் கையுறை ஒரு ஜோடி சூடான மூடியைத் திறக்கவும் சைலன்சரைத் தொடவும் வேண்டும். செருப்பு அடித்தோல் இரண்டு சாண் துண்டு, தார்ச் சாலையில் முட்டி போடவும், ஆடும் இடத்தில் அடைக்கவும், ஒயர் உரசும் இடத்தில் சுற்றவும் ஆகும்.

தோலை வழியில் பயன்படுத்தியவர்களில் முதல் ஆள் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு அவருடைய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் அதற்கு முன் யாரும் காரில் போனதில்லை. எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். ஒயர் உரசியபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றினார். இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்து பிடிக்காமல் போனதும், வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்துக் கட்டைகளின் மேல் தோல் அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் பிறந்தது அப்படித்தான். எனக்கு இதில் பிடித்தது துணிச்சல் மட்டுமல்ல. அடைப்பு, உரசல், தேய்மானம் என்று எது எதனால் நின்றது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஊசியும் பட்டியும் எல்லார் வீட்டிலும் இருந்தவைதான்.

ஆனால் பிரேக்கில் மட்டும் பெர்த்தாவைப் பின்பற்ற வேண்டாம். அவர் போன வேகம் வேறு, நம் மலை வேறு. மூடி திறக்காத பிரேக் ஆயில் சின்ன பாட்டில் ஒன்று போதும். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கிட் எதுவும் டிக்கியில் வேண்டாம். பிரேக்கில் சந்தேகம் இருக்கிற வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரக் கூடாது. இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.

காகிதங்களைச் சுருக்கமாக. 15 வருடம் கடந்த வண்டிக்கு ஆர்.சி. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் தேதிக்குள் இருக்க வேண்டும். 2021-ல் வந்த விதிப்படி 50 வயது கடந்து, உருமாற்றம் செய்யாத வண்டிகளை வின்டேஜ் என்று 20,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்து 'வி.ஏ.' எழுத்துள்ள எண் வாங்கலாம். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. வருடம் நான்கு தடவை குடும்பத்தோடு மலைக்குப் போகிற என் மாதிரி ஆள்கள் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். என் மார்க் 3 வண்டி 1977 மாடல். நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033-க்குப் பேசலாம். மலைக்குள் போனால் அந்த எண்ணையும் நம்ப முடியாது, செல்போன் சிக்னலையும் நம்ப முடியாது.

அடுக்குவதில் ஒரே விதி. அடிக்கடி வேண்டியது கடைசியாக உள்ளே போக வேண்டும். ஸ்டெப்னியை எடுக்க மூட்டை முடிச்சை எல்லாம் மழையில் இறக்கி வைத்த குடும்பங்கள் அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏற மறுத்திருக்கின்றன. கனமான ஜாக்கியும் தண்ணீர் கேனும் டிக்கியில் கீழே, பின் சீட்டை ஒட்டி. சிறிய பாகங்கள் டப்பாவில், டப்பா முன் சீட்டுக்கு அடியில். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எப்போது கழற்றியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அது நல்லதா கெட்டதா என்று உங்களுக்கே மறந்துவிடும். கெட்டுப் போன பாகத்தை "இருக்கட்டும்" என்று அதே டப்பாவில் திரும்பப் போடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தப்பு. என்னை மலையில் நிறுத்திய அந்தக் கண்டன்சரை அன்றே காவலூரில் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

பயணத்துக்கு நாள் குறித்துவிட்டீர்கள் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் டப்பாவைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் கண்டன்சர் இன்னும் கடை உறையிலேயே இருக்கிறதா? அதைப் பிரித்து வண்டியில் மாட்டுங்கள். வண்டியில் இருப்பதைக் கழற்றித் துடைத்து, தேதி எழுதி, டப்பாவில் போடுங்கள்.